நடுப்புள்ளியில் தெரியும் தரம்: வீட்டு ஃபிளைட் சிமுலேட்டர் கருவிகள் குறித்த வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவோர் பயன்படுத்தும் கருவிகள் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பலரும் ஒன்றையே வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால், அவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளாக்கி இங்கே விடை தருகிறேன். பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். படிக்கத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். விமானம் சீராகப் பறக்கும்போது கைப்பிடி நகரும் தூரம் மிகக் குறைவு. தரையிறங்கும் கடைசி நிமிடத்தில்கூட, பழகிய கை பெரும்பாலும் நடுப்புள்ளியின் இருபுறமும் ஓரிரு சென்டிமீட்டருக்குள்ளேயே வேலை செய்கிறது. ஆகவே ஒரு கருவியின் தரத்தையும் பழுதையும் அதன் நடுப்புள்ளியில்தான் பார்க்க வேண்டும். பொத்தான்களின் எண்ணிக்கையும் விளக்குகளின் நிறமும் அதற்குப் பிறகே.

கேள்வி (மதுரை): எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் விமானி ஆக வேண்டும் என்கிறான். இப்போது கீபோர்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன வாங்கித் தரலாம்? இந்தப் பழக்கம் பின்னால் உரிமம் பெற உதவுமா?

பதில்: தங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், அம்மா. இந்தியாவில் மாணவ விமானி உரிமம் பெறக் குறைந்தபட்ச வயது 16, தனியார் விமானி உரிமத்துக்கு 17, வணிக விமானி உரிமத்துக்கு 18. வணிக உரிமத்துக்குக் கேட்கப்படும் 200 மணி நேரப் பறத்தல் அனுபவத்தில் வீட்டுக் கணினியில் ஓட்டிய ஒரு நிமிடமும் சேராது. ஆயினும் பயன் இல்லாமல் போகாது. வேகமானி, உயரமானி, செயற்கைத் தொடுவானம், திசைமானி ஆகியவற்றின் மேல் கண்ணை ஒரு சுற்றாக ஓட்டிப் படிக்கும் பழக்கமும், சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகச் சொல்லிச் செய்யும் ஒழுங்கும் இந்த வயதில் படிந்துவிட்டால் பின்னாளில் பயிற்சி நிலையத்தில் கைகொடுக்கும். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையாரின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1929-இல் பயிற்சிப் பெட்டி ஒன்றைச் செய்தார். 1934-இல் அந்நாட்டு ராணுவம் அதை வாங்கியதும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தன் விமானிகளைப் பழக்குவதற்காகத்தான்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். கீபோர்டில் ஒரு விசை அழுத்தப்பட்டிருக்கும், அல்லது விடப்பட்டிருக்கும். இடைப்பட்ட நிலை அதற்குத் தெரியாது. விமானமோ முழுக்க முழுக்க அந்த இடைப்பட்ட நிலைகளில்தான் பறக்கிறது. எனவே கைப்பிடியையே இடவலமாகத் திருகி விமானத்தின் சுக்கானை இயக்கும் வசதியும், அடிப்பாகத்தில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் சிறிய த்ராட்டில் நெம்புகோலும் கொண்ட ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் இப்போதைக்குப் போதும். பெரும்பாலான கைப்பிடிகள் பெரியவர்களின் கை அளவுக்குச் செய்யப்பட்டவை என்பதால், முடிந்தால் மகனையே பிடித்துப் பார்க்கச் செய்யுங்கள். மணிக்கட்டு பீடத்தில் சாய்ந்திருக்கும் நிலையிலேயே அவன் கட்டைவிரல் கைப்பிடியின் உச்சியிலுள்ள குமிழை எட்ட வேண்டும். மகன் இடக்கையன் என்றால், இரு கைகளுக்கும் ஏற்ப உறுப்புகளை மாற்றிக்கொள்ளக்கூடிய த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்ற மாதிரியைப் பாருங்கள். மென்பொருளுக்கென இப்போதே செலவு செய்ய வேண்டியதில்லை. ஃபிளைட்கியர் இலவசமாகக் கிடைக்கிறது, எளிய கணினியிலும் ஓடும். சுக்கானைக் காலால் இயக்கும் பெடல்களை அவன் கால்கள் இன்னும் சற்று வளர்ந்த பிறகு வாங்கலாம்.

கேள்வி (கோவை): செஸ்னா 172 சிறு விமானம், ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் இரண்டையும் ஓட்டுகிறேன். யோக் (முன்பின் நகரும், ஸ்டியரிங்போல் திரும்பும் கைப்பிடி) வாங்குவதா, ஜாய்ஸ்டிக் வாங்குவதா? ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது.

பதில்: ஜாய்ஸ்டிக்கை வாங்குங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஏ320 விமானத்தில் இரு விமானிகளுக்கும் பக்கவாட்டில் சிறிய கைப்பிடிதான் இருக்கிறது. இடப்பக்க இருக்கையில் அமரும் கேப்டன் அதை இடக்கையால் பிடிக்கிறார். கைப்பிடியிலிருந்து இறக்கைக்குக் கம்பியோ கயிறோ போவதில்லை, மின்குறிப்பு மட்டுமே போகிறது. காற்றின் அழுத்தம் விமானியின் கைக்குத் திரும்பி வருவதும் இல்லை. ஆகவே சுருள்வில்லால் (ஸ்பிரிங்) நடுவுக்குத் திரும்பும் வீட்டு ஜாய்ஸ்டிக் ஏர்பஸ் கைப்பிடிக்கு மிக நெருக்கமாக அமைந்துவிடுகிறது. த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனம் ஏ320-இன் கைப்பிடி வடிவிலேயே ஒரு ஜாய்ஸ்டிக்கை 2020-இல் வெளியிட்டது.

செஸ்னாவின் கதை வேறு. அங்கே யோக்கிலிருந்து வால்பகுதி வரை கம்பிவடம் ஓடுகிறது. காற்று எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது என்பது கையில் தெரியும். வேகம் குறைந்து மூக்கு தாழும்போது விமானி யோக்கைத் தம் பக்கம் இழுத்துப் பிடிக்கிறார்; பிறகு ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்றக் கையிலுள்ள பாரம் மெல்லக் கரைந்து, இழுத்து வைத்த இடத்திலேயே யோக் தானாக நிற்கிறது. வீட்டு யோக்கில் உள்ள வில்லுக்கு ட்ரிம் என்றால் என்னவென்று தெரியாது. அது எப்போதும் நடுவை நோக்கியே இழுக்கும். எனவே வீட்டில் ட்ரிம் செய்யும்போது, சக்கரத்தைச் சுழற்றும் அதே வேளையில் கையைச் சிறிது சிறிதாக நடுப்புள்ளிக்குத் திரும்ப விட வேண்டும். கையை அசையாமல் வைத்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் சுழற்றினால் மூக்கு மேலே ஏறிக்கொண்டே போகும். புதியவர்கள் பலர் தங்கள் கருவியில் கோளாறு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இதைத்தான். மோட்டாரால் கைக்கு எதிர்விசை தரும் விலை உயர்ந்த கருவிகளைத் தவிர, வில் வைத்த எந்தக் கருவியிலும் இந்தக் குறை உண்டு. ஆதலால் செஸ்னாவுக்காக யோக் வாங்கினாலும் செஸ்னாவின் கைப்பாரம் கிடைத்துவிடாது, கை அசையும் விதம் மட்டுமே கிடைக்கும்.

அந்த அசைவும் எல்லா யோக்கிலும் சரியாக வருவதில்லை. ஹனிகோம்ப் நிறுவனத்தின் ஆல்ஃபா யோக் மொத்தம் 180 பாகை சுழல்கிறது. விலை குறைந்த சில யோக்குகள் அதில் பாதியே சுழல்கின்றன. யோக்கின் தண்டு ஒரு துளைக்குள் நேராக வழுக்கிச் செல்ல வேண்டும். நாம் ஒரு கையால் சற்றே கோணலாக இழுத்தால் மலிவான யோக்கில் தண்டு துளையில் உரசி நின்று, பிறகு திடீரென்று நகரும். தரையிறங்கும்போது மூக்கை மெதுவாகத் தூக்க வேண்டிய அந்த மூன்று நான்கு விநாடிகளில் இதைவிடத் தொல்லை தருவது வேறில்லை. வாங்கும் முன் கடையில் ஒரு விரலால் மட்டும் யோக்கைத் தள்ளிப் பாருங்கள்: நகரத் தொடங்கும் கணத்தில் தயங்கித் துள்ளினால் அதை விட்டுவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக்கில் இதே நுட்பத்தைப் பெறக் கைப்பிடியின் நீளம் உதவுகிறது. சுழல் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் கை இருந்தால், 20 பாகை சாய்வுக்குக் கை சுமார் 5 சென்டிமீட்டர் நகரும். 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அதே சாய்வுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். பீடத்தை மேசைக்குக் கீழே, இரு தொடைகளுக்கு நடுவே பொருத்தி நீட்டிப்புக் குழாய் சேர்ப்பவர்கள் இதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

கேள்வி (தூத்துக்குடி): நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் விமானத்தின் மூக்கு மேலும் கீழும் துள்ளுகிறது. இனி இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இப்படி ஒதுக்கப்பட்டவற்றில் பல, அரை நாள் பொறுமையும் ஒரு சிறிய ஸ்பிரே டப்பாவும் இருந்தால் மீண்டும் நன்றாக வேலை செய்பவைதான்.

முதலில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். யூஎஸ்பி ஹப்பை விலக்கிவிட்டு, ஜாய்ஸ்டிக்கை நேராகக் கணினியின் பின்புறத் துளையில் செருகுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், கருவிகளின் பட்டியல் திறக்கும். அதில் உங்கள் ஜாய்ஸ்டிக்கின் பண்புகளுக்குள் சென்றால் ஒரு கட்டத்துக்குள் சிறு சிலுவைக் குறி தெரியும். கைப்பிடியை முழுதும் முன்னே தள்ளி, பத்து விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்னே கொண்டுவாருங்கள். சிலுவை சீராக இறங்கி வந்து, ஒவ்வொரு முறையும் அதே ஓர் இடத்தில் மட்டும் துள்ளினால், உள்ளேயுள்ள பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு அல்லது தேய்மானம். எங்கே நிறுத்தினாலும் நடுங்கினால், கம்பி இணைப்பையோ யூஎஸ்பி மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். நடுங்காமல் நிற்கிறது, ஆனால் முன்னிருந்து விட்டால் ஓர் இடத்திலும் பின்னிருந்து விட்டால் வேறோர் இடத்திலும் நிற்கிறது என்றால், பழுது மின்சாரத்தில் இல்லை. வில்லிலும் அது அமரும் கிண்ணத்திலும் இருக்கிறது.

பொட்டென்ஷியோமீட்டருக்குள் குதிரைலாட வடிவில் ஒரு கரித்தடமும், அதன் மேல் உரசிச் செல்லும் மெல்லிய உலோக நாக்கும் இருக்கின்றன. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறுகிறது. கணினி அதைக் கைப்பிடியின் நிலையாகப் புரிந்துகொள்கிறது. நான் பழுது பார்த்த ஒன்றைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, தடத்தின் இரு முனைகளும் புதிதுபோல் கருமையாக மின்ன, நடுவில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் வெளிறி, அதன் இரு ஓரத்திலும் கரித்தூள் சிறு வரப்புபோல் குவிந்திருந்தது. கை எங்கே அதிகம் வேலை செய்ததோ அங்கேதான் தடமும் தேய்ந்திருந்தது. தங்கள் ஊரில் உப்புக் காற்றும் சேர்வதால் நாக்கின் உலோகம் விரைவில் மங்கிவிடும்.

இனி செய்முறை. இணைப்பைக் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். திருகுகள் சில ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் மறைந்திருக்கும். அவை நீளத்தில் வேறுபடும் என்பதால் எடுக்க எடுக்க ஒரு முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக இடுங்கள். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணுக் கடைகளில் காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டால் கிடைக்கும்; பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாது என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதன் மெல்லிய குழாயைப் பொட்டென்ஷியோமீட்டரின் விளிம்பு இடைவெளியில் வைத்து ஒரு நொடி மட்டும் அடித்து, கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முப்பது நாற்பது முறை நகர்த்துங்கள். கால் மணி நேரம் உலரவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருவுக்கு அடிக்கும் சாதாரண ஸ்பிரே ஆகியவற்றை இதற்குள் விட்டால், ஒரு வாரம் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றையும் பிளாஸ்டிக்கின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வில் அமரும் கிண்ணத்தில் பழைய கிரீஸ் கறுத்துப் போயிருந்தால், அதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் முற்றிலும் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் படும் அளவே தடவுங்கள். அதிகம் தடவினால் நன்றாக வழுக்கும் என்பது தவறான எண்ணம். மிகுதியான கிரீஸ் ஓரத்துக்கு வழிந்து பொட்டென்ஷியோமீட்டருக்குள் போய்விடும்.

தடம் முற்றிலும் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பழையதன் முதுகில் பி103 என்பதுபோல் அச்சிட்டிருக்கும்: 103 என்றால் 10 கிலோ ஓம்; பி என்பது பெரும்பாலும் நேர்விகித வகையைக் குறிக்கும். ஒலிக்கட்டுப்பாட்டுக்கான ஏ வகையை வைத்தால் கைப்பிடி ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் முரட்டுத்தனமாகவும் இருக்கும். சென்னைக்கு வருபவர்கள் பழையதைக் கையோடு எடுத்துச் சென்று ரிச்சி தெருவில் தண்டின் நீளத்தையும் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்கலாம்.

இவை எதையும் செய்யாமல், மென்பொருளில் நடுப்புள்ளியைச் சுற்றிச் செயலற்ற வட்டம் ஒன்றை அமைத்துத் துள்ளலை மறைக்கவும் முடியும். அவசரத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் கை மிக நுட்பமாக வேலை செய்யும் இடத்தையே அது அணைத்துவிடுகிறது என்பதால், அதை நிரந்தரத் தீர்வாக நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (சென்னை): ஹால் சென்சார் உள்ளதையே வாங்க வேண்டும் என்கிறார்கள். 16384 படிகள் என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா?

பதில்: ஆயுளில் தெரியும். காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பக்கவாட்டில் விலக்குவதை எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். அந்த விளைவைப் பயன்படுத்தும் சென்சாரும் காந்தமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதால் அங்கே தேய எதுவுமில்லை. ஆனால் முன்பின், இடவலம் ஆகிய இரு அச்சுகளில் மட்டும் ஹால் சென்சார் வைத்து, திருகும் அச்சுக்கும் த்ராட்டிலுக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டரையே வைக்கும் மாதிரிகள் பல உண்டு. விவரக்குறிப்பில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியே பாருங்கள்.

படிகள் என்பவை, கை நகரும் தூரத்தைக் கருவி எத்தனை பகுதிகளாகப் பிரித்து அறிகிறது என்பதே. ஒரு சிறு கணக்குப் போடுங்கள். கை மொத்தம் 10 சென்டிமீட்டர் நகர்கிறது என்றால், 1024 படிகள் உள்ள கருவியிலேயே ஒரு படி சுமார் 0.1 மில்லிமீட்டர். 4096 படிகளுக்கு மேல் போனால் அந்த வேறுபாட்டை எந்தக் கையாலும் உணர முடியாது. அதைவிட, கைப்பிடி நடுப்புள்ளியைக் கடக்கும்போது படியேறி இறங்குவதுபோன்ற தடை இல்லாமல் இருப்பதே முக்கியம். ஒவ்வொரு அச்சுக்கும் தனி வில்லும் தன் வடிவத்தால் கைக்குத் தெரியும் விசையைத் தீர்மானிக்கும், மாற்றிக்கொள்ளக்கூடிய கேம் (cam) துண்டுகளும் வைக்கும் விகேபி, விர்பில் நிறுவனங்களின் கருவிகள் அந்த இடத்தில்தான் தங்கள் விலைக்கு ஈடு சொல்கின்றன.

கேள்வி (திருச்சி): பெடல் வாங்கிய நாள் முதல் விமானம் ஓடுபாதையில் நேராக ஓடவே மறுக்கிறது. போதாக்குறைக்கு, பிரேக் பிடித்தபடியே ஊர்கிறது. பெடல் தேவைதானா?

பதில்: தேவைதான், தங்கள் பெடலில் பழுதும் இருக்காது என்றே நினைக்கிறேன். புதிய கருவியைச் செருகியதும் மென்பொருள் தானாகவே அதற்கு வேலை ஒதுக்கிவிடுகிறது. பழைய ஜாய்ஸ்டிக்கின் திருகும் அச்சும் சுக்கானுக்கே கட்டப்பட்டிருப்பதால், இரண்டு கருவிகள் ஒரே சுக்கானுக்குப் போட்டியிடுகின்றன. எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. இரண்டு மாலைப்பொழுதுகள் பெடலைக் கழற்றி மாட்டிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. அமைப்புகளில் ஜாய்ஸ்டிக்கின் திருகும் அச்சிலிருந்து சுக்கானை நீக்கிவிடுங்கள். கேம் கன்ட்ரோலர் ஏதும் செருகப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள். பிரேக் பிடித்தபடியே இருப்பதற்குக் காரணம், கால் நுனியால் அழுத்தும் இரு பிரேக் அச்சுகளும் தலைகீழாகப் பதிவாகியிருப்பது. அந்த இரண்டுக்கும் திசையைத் திருப்பும் குறியை இட்டால் சரியாகிவிடும்.

பெடலின் அருமை செஸ்னா போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான் தெரியும். விமானி இருக்கையிலிருந்து பார்க்கும்போது அதன் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுழல்வதால், முழு விசை கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலக்காலால் அழுத்தி நேராக்க வேண்டும். பக்கக் காற்றில் தரையிறங்குவதற்குச் சென்னையின் கிழக்கு-வடகிழக்கு நோக்கிய 07 ஓடுபாதையைவிட நல்ல பயிற்சிக்களம் நமக்கு எதற்கு? தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும் மாலையை அமைத்துக்கொண்டால் காற்று வலப்பக்கம் முன்னிருந்து அடிக்கும். மூக்கு அதற்கேற்ப வலப்பக்கம் திரும்பியபடியே விமானம் இறங்கி வரும். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இடக்காலை அழுத்தி மூக்கை ஓடுபாதைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, விமானம் இடப்பக்கம் அடித்துச் செல்லப்படாதபடி கைப்பிடியை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். காலும் கையும் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு அளவில் இயங்கும் இந்த வேலையைத் திருகும் கைப்பிடியில் ஒரே மணிக்கட்டால் செய்வது மிகக் கடினம். ஏர்பஸ்ஸில் வானில் திரும்பும்போது கால்களுக்குப் பெரிய வேலை இல்லை. மேலேறும் ஓட்டம், தரையிறக்கம், ஓர் எஞ்சின் நின்றுபோவது ஆகிய நேரங்களுக்கே பெடல் வேண்டும்.

பெடலை அழுத்தினால் சக்கர நாற்காலி பின்னே ஓடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பெடலின் அடிச்சட்டத்தையும் நாற்காலியின் நடுத்தண்டையும் நீட்சியில்லாத நைலான் பட்டையால் கட்டிவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை பெடல் வழுக்கும் தண்டவாளங்களில் சேரும் முடியையும் தூசியையும் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். தரையில் இருப்பதால் வீட்டிலேயே அதிகத் தூசி சேரும் கருவி இதுதான்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஓராண்டு பெட்டிக்குள் வைத்திருந்த த்ராட்டிலை எடுத்தால் கைப்பிடி முழுதும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை.

பதில்: அது அழுக்கு அன்று. பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர்போல் மென்மையாக இருக்கட்டும் என்று பூசிய மேற்பூச்சு, வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து பசையாகிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, முற்றிலும் நீக்கிவிடலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பருத்தித் துணியால் சிறு சிறு பகுதியாகத் தேய்த்தால் பூச்சு கறுப்பாக உருண்டு வந்து, அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தெரியும். பொத்தான்களின் இடுக்கில் வழியவிடாமல் துணியைப் பிழிந்து பயன்படுத்துங்கள். எழுத்துகள் அச்சிட்ட இடங்களைத் தவிர்த்துவிடுங்கள், அவையும் அழிந்துவிடும். இனிமேல் காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். அன்றாடம் பயன்படுத்துபவர்கள் ஒரு பருத்தித் துணியால் மூடி வைத்தாலே போதும். தலையில் எண்ணெய் தடவிய கையோடு கைப்பிடியைத் தொடாமல் கழுவிவிட்டு உட்காருவது, நான் என் வீட்டுப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கும் விதி.

கேள்வி (சேலம்): பொறியியல் மாணவன். ஆர்டுயினோ கொண்டு சொந்தமாக ஜாய்ஸ்டிக் செய்யலாமா? பழைய கருவிகளை இரண்டாம் கையாக வாங்கிப் பிரித்தும் பயன்படுத்த எண்ணம்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ மின்னணுப் பலகைகளில் ஊனோ வேண்டாம். லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்குங்கள். அவற்றில் உள்ள ஏடிமெகா 32யூ4 சிப் யூஎஸ்பியை நேரடியாகப் பேசுவதால் கணினி அதை ஜாய்ஸ்டிக்காகவே ஏற்றுக்கொள்ளும். அதன் உள்ளீடு 10 பிட், அதாவது 1024 படிகள். இங்கேதான் பலர் ஒரு பிழை செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர் சுமார் 300 பாகை சுழல்வது. உங்கள் கைப்பிடியோ மொத்தம் 40 பாகைதான் சாயும். தண்டில் நேராக இணைத்தால் 1024-இல் ஏறத்தாழ 136 படிகளே கிடைக்கும். விமானம் படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கும். காந்தத்தின் கோணத்தை அளக்கும் ஏஎஸ்5600 சென்சாருக்கும் 4096 என்ற எண் முழுச் சுற்றுக்கானது. கோண வரம்பைக் குறுக்கி அமைக்காவிட்டால் 40 பாகைக்குச் சுமார் 455 படிகளே வரும். ஆகவே சிறிய பல்சக்கரங்களால் சுழற்சியைப் பெருக்குங்கள். அல்லது 49ஈ என்ற மலிவான ஹால் சென்சாரை எதிரெதிராக வைத்த இரு நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே நகரவிடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் நடுநிலையில் அது சுமார் 2.5 வோல்ட் தரும்; காந்தங்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, இரு முனைகளிலும் மின்னழுத்தம் விளிம்பைத் தொட்டு வெட்டுப்படாதபடி அமைக்க வேண்டும். சுழல் மையங்களுக்கு 608 பேரிங் எளிதாகக் கிடைக்கும்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். மரச்சட்டத்தில் துளையிட்டு இதை இறுக்கிவிட்டாலே விலை குறைந்த கடைக் கருவிகளைவிட மென்மையான நடுப்புள்ளி கிடைக்கும்.

இரண்டாம் கையாக வாங்கும்போது, விற்பவரின் வீட்டிலேயே ஒரு மடிக்கணினியில் செருகி, மேலே தூத்துக்குடி வாசகருக்குச் சொன்ன சிலுவைச் சோதனையைச் செய்யுங்கள். செருகும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள், ஏனெனில் சில கருவிகள் இணைக்கப்பட்ட கணத்தில் இருக்கும் நிலையையே நடுவாக எடுத்துக்கொள்ளும். கைப்பிடியைத் திருகித் திருகி வெகுகாலம் ஓட்டியிருந்தால் உள்ளே செல்லும் மெல்லிய கம்பிகள் பற்றவைத்த இடத்தில் அறுந்திருக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் முழுதும் திருகிப் பிடித்துக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் ஒரு சுற்று அழுத்துங்கள், பிறகு மறுபக்கம் திருகி இன்னொரு சுற்று அழுத்துங்கள். ஏதேனும் ஒரு பொத்தான் ஒரு பக்கத்தில் மட்டும் திரையில் அதற்குரிய விளக்கு எரியாமல் போனால் கம்பி அங்கே விட்டுப்போயிருக்கிறது. பிரித்து உறுப்புகளை எடுக்கவே வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் குறையைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஓட்டுவதற்கே என்றால் வேறொன்றைத் தேடுங்கள்.